கஜலட்சுமி விளக்கு வைக்கும் நேரம்

குண்டசாலை வீட்டில் இராமநாதனுக்கு ஒரு நாளில் முக்கால் மணி நேரம்தான் மனைவி இருந்தாள். மிச்ச நேரமெல்லாம் கஜலட்சுமி அதே வீட்டில்தான் நடமாடினாள். ஆனால் இந்த மனிதர் யார் என்று அவளுக்குத் தெரியாது. காலையில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தால், "உங்களுக்கு ஏன் தம்பி கரைச்சல்?" என்று கூச்சப்படுவாள். குளித்துவிட்டு வெறும் மேலோடு அவர் அறைக்குள் வந்தால், ஹவுஸ்கோட்டின் கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். நாற்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளிடமிருந்து அப்படியொரு மரியாதை கிடைப்பது எவ்வளவு கொடுமை என்று பட்டவருக்குத்தான் தெரியும். மறதி நோய் என்று கிளினிக்கில் சொல்லி நாலு வருடமாகிறது.

பின்னேரம் ஆறு மணிக்கு மட்டும் வேறு கதை. வெளியே பொழுது மங்கியதும் கஜலட்சுமி கதிரையை விட்டு எழும்புவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் விறாந்தைக் கதவடியில் இருக்கும் சுவிட்ச், பிறகு ஹோல், கடைசியாகச் சாமியறை. ஒவ்வொன்றையும் தட்டியதும் எரிகிற பல்பைப் பார்த்துக் கைகூப்பி, இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எண்ணெய் விளக்கானால் என்ன, எல்.ஈ.டி. பல்பானால் என்ன, அந்திப்பொழுதில் ஏற்றுகிற வெளிச்சத்தைக் கும்பிட வேண்டும் என்பது அவள் வளர்ந்த முறை. எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான். சாமியறையை முடித்துக்கொண்டு திரும்பும்போது, ஹோலில் பிரம்புக் கதிரையில் இருக்கிறவரைக் காண்பாள்.

"வந்திட்டியளே? தேத்தண்ணி போடட்டே, இல்லாட்டிக் குளிச்சுப்போட்டுக் குடிக்கிறியளே?"

அவ்வளவுதான். அவருடைய கஜா வந்துவிட்டாள். மகள் மதனி மெல்பேர்னில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை; மதனியின் ஐந்தாம் வகுப்பு ரிப்போர்ட்டைப் பற்றித்தான் கதைப்பாள். தான் படிப்பித்த பள்ளிக்கூடத்து அதிபரைத் திட்டுவாள். இராமநாதன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு கேட்டிருப்பார். ஒருநாள் அவருடைய கன்னத்தைத் தொட்டு, "ஏன் இப்பிடி வத்திப் போனியள்? நான் ஒழுங்காச் சாப்பாடு தாறேல்லையே?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். ஆறே முக்காலுக்கு முன்னே பின்னே பேச்சு இடையில் நிற்கும். முகம் வெறுமையாகும். "தம்பி, நீங்கள் எங்கை இருக்கிறனீங்கள்?" என்று கேட்பாள். அடுத்த நாள் ஆறு மணி வரைக்கும் அவர் மறுபடியும் தம்பிதான்.

இராமநாதன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தாறு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். கம்பளையில் மகாவலியின் நீர்மட்டத்தைப் பார்ப்பது, வாய்க்காலுக்கு மட்டம் பிடிப்பது, ஒரு துளி தண்ணீரைக்கூட அளக்காமல் விடாதிருப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கென்று வந்து இந்த மலைநாட்டிலேயே தங்கிவிட்டவர். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். கஜலட்சுமி பல்பைக் கும்பிடுவதைப் பார்த்து, "உது மின்சார சபையின்ரை. கும்பிடுறதெண்டால் அங்கை போய்க் கும்பிடும்" என்று இளவயதில் பகிடி பண்ணியவர். அப்படிப்பட்டவர் மனைவியின் நோயை மட்டும் அளக்காமல் விடுவாரா? ஒரு கொப்பியில் தினமும் எழுதினார். விளக்கு வைத்தது எத்தனை மணி, தன்னைத் தெரிந்தது எத்தனை மணி, தெரியாமல் போனது எத்தனை மணி.

அந்த முக்கால் மணிக்கு முன்னால் ஒரு பொல்லாத நேரமும் இருந்தது. நாலு மணி தாண்டியதும் மலை நிழல் வீட்டுக்குள் இறங்கும். அலுமாரி மூலையில், கதவு இடுக்கில் நிழல் தடிக்கத் தடிக்கக் கஜலட்சுமிக்குப் பதற்றம் பிடிக்கும். "நான் வீட்டை போகோணும். அவர் வந்து பாத்திட்டுத் தேடப்போறார்" என்று உடுப்புகளைப் பையில் திணிப்பாள். கேற்றடிக்கு ஓடுவாள். வீட்டோடு தங்கி உதவிக்கு இருக்கும் ரத்தினம்மா, புசல்லாவைப் பக்கத் தோட்டத்தில் இருபத்தேழு வருடம் கொழுந்து பறித்து உரமேறிய கை உள்ளவர். அவராலேயே அவளைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒருமுறை அவள் படியில் விழுந்து முழங்கை கிழிந்தது.

நிழலும் மங்கலும் இப்படியானவர்களைக் குழப்பும், வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும் என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். இராமநாதன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். இருட்டுகிறபோது அவளுக்கு மனம் கலங்குகிறது. லைற் எரிந்ததும் தெளிகிறது, என்னைத் தெரிகிறது. அப்படியானால் அவளைக் கூட்டி வருவது வெளிச்சம். ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிறதென்றால், மூன்று மணிக்கே வெளிச்சத்தைக் கொடுத்தால்? கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்தது.

முதலில் தானே பின்னேரம் நாலு மணிக்கு எழும்பி லைற்றைப் போட்டுப் பார்த்தார். கஜலட்சுமி ஓடி வந்து சுவிட்சைத் தட்டி நூர்த்தாள். "பட்டப்பகலிலை ஆர் லைற் போடுறது? கறண்ட் என்ன சும்மா வருதே?" மறதி வந்தாலும் சிக்கனம் மறக்கவில்லை. போட்டால் நூர்ப்பாள், மறுபடி போட்டால் மறுபடி நூர்ப்பாள். ஆகவே அவளுக்குத் தெரியாமலே வெளிச்சம் கூட வேண்டும் என்று முடிவுகட்டினார்.

திகனவில் மஸாஹிராவின் மின்சாரச் சாமான் கடைக்குப் போனது அதற்காகத்தான். கடைப் பலகையில் கணவருடைய பெயர் இருந்தாலும் கடையை ஓட்டுவது மஸாஹிராதான். புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் தன் வீட்டில் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவருக்கு விற்பார்.

"இந்த பல்ப் பாருங்க சேர். வெல கொறவு, ஆனா ஃபோனாலயே கூட்டிக் கொறைக்கேலும். மஞ்சளும் ஆக்கேலும், வெள்ளையும் ஆக்கேலும். நேரம் குடுத்து வெச்சா தானாப் பத்தும், தானா நூரும். எங்கட உம்மாட ரூம்லயும் இதுதான் போட்டீக்கி."

"மெல்ல மெல்லக் கூடுமோ? பாக்கிற ஆளுக்குத் தெரியக் கூடாது."

"அர மணித்தியாலமும் எடுக்கும், ரெண்டு மணித்தியாலமும் எடுக்கும், நீங்க சொல்ற மாதிரி. யாருக்கு சேர்?"

"என்ரை மனிசிக்கு" என்று சொல்லி, இராமநாதன் வரைந்து கொண்டுபோன வீட்டுப் படத்தை விரித்தார். எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிழல் விழுகிறது என்று அதில் பென்சிலால் குறித்திருந்தது. இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். "சேர், ஓ லெவல் பேப்பர் மாதிரியெல்லா கேக்கிறீங்க" என்று மஸாஹிரா சிரித்தார். கடைசியில் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார்.

"சுவிட்ச மட்டும் யாரும் ஓஃப் பண்ணப் படாது. ஓஃப் பண்ணினா பல்ப்புக்குக் கறண்ட் இல்ல, பொறகு ஃபோன் சொல்றது அதுக்குக் கேக்காது. ஊட்டு ஆக்கள்ட கை சும்மா ஈக்காதே சேர். மேல ஒரு டேப் ஒட்டி விடுங்க. அல்லாஹ் அவங்களுக்கு லேசாக்கித் தரட்டும்."

டேப் ஒட்டுவதோடு நிற்கிற ஆளா இராமநாதன்? மெல்லிய பிளைவுட் பலகையை அளந்து வெட்டினார். ஒவ்வொரு சுவிட்ச் போர்டின் மேலும் வைத்து நாலு பக்கமும் ஸ்க்ரூ முடுக்கினார். சுவரின் நிறத்தையே தேடி வாங்கி மேலே அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் அங்கே ஒரு சுவிட்ச் இருந்ததென்றே தெரியாது. கெட்டிக்கார வேலை. அந்தக் கெட்டித்தனம்தான் பிறகு வினையாக முடிந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது, அதை ஒளிக்கக் கூடாது. மூன்றரை மணிக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவில் பல்புகள் எரியத் தொடங்கும். வெளியே பொழுது குறையக் குறைய உள்ளே வெளிச்சம் அதே அளவுக்குக் கூடும். மூலைகளில் நிழலே விழாது. குளியலறைக்குப் போகும் நடைவழியில் ஆள் நடந்தால் தானாக எரிகிற லைற். ஆறு மணிக்கு ஹோல் முழுக்கத் தேன் நிறம். இராமநாதன் ஃபோனைத் தூக்கிக் காட்ட, மெல்பேர்னிலிருந்து மதனி, "அப்பா, வீடு ஹொட்டேல் மாதிரி வடிவா இருக்கு" என்றாள். கஜலட்சுமியும் அடங்கினாள். பையை எடுக்கவில்லை, கேற்றடிக்கு ஓடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். "அம்மா இப்ப பச்சப்புள்ள மாதிரி இருக்காங்க ஐயா" என்று ரத்தினம்மாவும் மெச்சினார்.

இராமநாதன் முதல்நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பிரம்புக் கதிரையில் காத்திருந்தார். மூன்றரை, நாலரை, ஐந்து. ஆறு மணியும் ஆயிற்று. கஜலட்சுமி அவரைப் பார்த்தாள். "தம்பிக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?" என்று ரத்தினம்மாவிடம் கேட்டாள்.

முதல்நாள்தானே, பழக வேண்டும் என்று தேற்றிக்கொண்டார். இரண்டாம் நாளும் வரவில்லை. மஞ்சள் கூடிவிட்டதோ என்று வெள்ளையைக் கூட்டினார். வெள்ளை கூடிவிட்டதோ என்று மஞ்சளுக்குத் திரும்பினார். தொடங்கும் நேரத்தை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். கொப்பியில் தன்னைத் தெரிந்த நேரம் என்ற கட்டத்தில் தினமும் ஒரு கோடு மட்டும் விழுந்தது. முக்கால் மணியை மூன்று மணி நேரமாக்கப் போனவருக்கு இருந்ததும் போயிற்று. நோய் அடுத்த படிக்கு இறங்கிவிட்டது, வெளிச்சத்துக்கும் இனி மசியாது என்று நினைத்தார். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவள் முன்னால் முழங்காலில் நின்று, "கஜா, நான்தான். என்னைப் பார்" என்று கையைப் பிடித்தார். அவள் பயந்து கையை உதறிக்கொண்டு ரத்தினம்மாவைக் கூப்பிட்டாள்.

ஒன்று மட்டும் அவர் கண்ணில் பட்டது. ஆறு மணி அளவில் கஜலட்சுமி எழும்பி, சுவரோரமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டு நடப்பாள். விறாந்தைக் கதவடியில் கொஞ்ச நேரம் நிற்பாள். யன்னலைப் பார்ப்பாள், பல்பைப் பார்ப்பாள், திரும்பி வந்து இருந்துவிடுவாள். நோயாளிகள் இப்படித்தான் அலைவார்கள் என்று இராமநாதன் எங்கேயோ வாசித்திருந்தார். தட்டுப்பட்டு விழக்கூடாதென்று திகனவுக்குப் போய் இன்னொரு பல்ப் வாங்கி வந்து, அந்தச் சுவரடிக்கு இன்னும் வெளிச்சம் போட்டார். மனிசனுக்குப் படிப்பு இருந்தால் மட்டும் போதுமா? அவள் என்ன தேடுகிறாள் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டாமா?

ஒரு மாதம் கடந்து ஐந்தாவது கிழமை, ஒரு ஞாயிறு தன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய ரத்தினம்மா, குசினி வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நேத்து எங்கூட்ல மருமக வெளக்கு வெக்கிறதப் பாத்தப்பதான் எனக்கே மண்டையில ஏறுச்சு. அம்மா சும்மா ஒண்ணும் சொவத்தத் தடவல. சுவிட்சத் தேடுறாங்க. இருட்டட்டும், லைட்டப் போடுவோம்னு பாத்துக்கிட்டே இருக்காங்க. இந்த வீட்ல இருட்டவே மாட்டேங்குதே ஐயா."

"உமக்கு என்ன தெரியும்? டாக்டர் சொல்லித்தானே வெளிச்சம் போட்டனான்" என்று இராமநாதன் சீறி விழுந்தார்.

"வெளிச்சத்தக் கொற சொல்லலைங்க. அவங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலதான். அத நீங்க பல்ப்புக்குக் குடுத்துட்டீங்க."

இராமநாதன் போய்ப் பிரம்புக் கதிரையில் இருந்தார். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் விடியப்புறம், அவள் எழும்ப முதல் புறப்பட்டவர். பகலில் அவள் தன் புருஷனைக் கண்டதேயில்லை. கம்பளையில் இருந்தாலென்ன, மினிப்பேக்குப் போனாலென்ன, பஸ்ஸைப் பிடித்து அவர் வீடு வந்து சேர்வது பொழுதுபட்ட பிறகுதான். அவள் விளக்கு வைப்பாள், கொஞ்ச நேரத்தில் வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். கலியாணம் கட்டியதிலிருந்து பென்ஷன் எடுக்கும் வரை ஒருநாள் தவறாமல் அப்படித்தான். வெளிச்சம் அவளைக் கூட்டி வருகிறதென்று அவர் கொப்பி எழுதினார். அவளுக்கோ, அவள் விளக்கு வைத்தால்தான் அவர் வருவார். தன் கையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக் கும்பிட்டுத் திரும்பினால் அவர் வந்திருப்பார். அந்த வாசலைத்தான் பலகை வைத்து, ஸ்க்ரூ முடுக்கி, பெயின்ற்றும் அடித்து மூடியிருந்தார்.

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் கழற்றினார். அவசரத்தில் ஸ்க்ரூ தலைகள் வழுக்கின. பலகையை நெம்பியெடுத்தபோது சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. புது பல்புகளைக் கழற்றிவிட்டுப் பழையவற்றைப் பூட்டினார். நாலு மணி ஆயிற்று. ஐந்து கிழமைக்குப் பிறகு வீட்டுக்குள் நிழல் இறங்கியது. கஜலட்சுமிக்குப் பதற்றம் பிடித்தது. "நான் போகோணும், அவர் தேடப்போறார்" என்று விம்மினாள். ரத்தினம்மா அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். இராமநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருந்தார்.

ஆறு மணி ஆயிற்று. கஜலட்சுமி எழும்பவில்லை.

ஆறே கால் ஆயிற்று. இராமநாதனே எழும்பிப்போய், தம்பி கூப்பிடுகிற பாவனையில் பக்குவமாக, "வாங்கோ, லைற் போடுவம்" என்றார். அவள் வந்தாள். விறாந்தைக் கதவடியில் சுவிட்ச்சுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் அதைப் பார்த்தாள். சுற்றிவரப் பெயர்ந்திருந்த சுவரைப் பார்த்தாள்.

"உதென்ன?" என்று கேட்டாள்.

"சுவிச், கஜா. அமத்துமன். நீர்தானே போடுறனீர்."

அவள் கையைத் தூக்கவில்லை. அவளுடைய விரலைப் பிடித்து அவரே வைத்து அமர்த்தினார். விறாந்தை எரிந்தது. கண் கூசி முகத்தைச் சுளித்தாளே தவிரக் கைகூப்பவில்லை. ஹோலுக்குக் கூட்டிப்போனார், சாமியறைக்குக் கூட்டிப்போனார். வீடு முழுக்க வெளிச்சம். அவள் கைகள் இரண்டும் சும்மா தொங்கின. ஐந்து கிழமை தேடிக் கிடைக்காத ஒன்றை அந்த மனம் எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டது.

இராமநாதன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். காட்டிக்கொடுத்தால் நினைவு வராதா என்ற ஆசையில், அவள் முன்னால் நின்று கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கஜலட்சுமி பார்த்தாள். நரைத்த ஒருவர் வீட்டுக்குள் நின்று தன்னைக் கும்பிடுகிறார். சட்டென்று நிமிர்ந்து, ஹவுஸ்கோட்டை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்த பெற்றோரை வரவேற்கிற மரியாதையோடு தானும் கைகூப்பினாள்.

"வணக்கம். வாங்கோ, இருங்கோ. அவர் இன்னும் வரேல்லை."

இராமநாதன் இருந்தார்.

"நீங்கள் அவரோடை வேலை செய்யிறனீங்களோ?"

"ஓம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ. நான் லைற் போட்டாப் பிறகுதான் அவர் வாறவர்." எதிர்க் கதிரையில் இருந்து, வாசலைப் பார்த்தபடி சொன்னாள். "தேத்தண்ணியும் அவர் வந்தாப் பிறகு போடுவம், என்ன? அவருக்கு ஆறினது பிடியாது."

இராமநாதனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுபத்தைந்து வயது மனிதர், குசினிக் குழாயைத் தேடி ஓடவும் பலமில்லாமல், அவள் கண்ணுக்கு முன்னாலேயே வாய்விட்டு அழுதார். கஜலட்சுமி பதறிப்போனாள். எழும்பி வந்து, பிறத்தியார் வீட்டுப் பிள்ளையைத் தேற்றுவதுபோல அவர் முதுகைத் தடவினாள்.

"அழாதையுங்கோ தம்பி. வந்திடுவார். அவர் ஒருநாளும் வராமல் விட்டதில்லை."